கழிவுத் தண்ணீரும் சுடலைமுத்துவின் புத்தகங்களும்

எங்கள் சனசமூக நிலையத்தின் ஆண்டு மலருக்கு, அரசியல் பொருளாதாரப் புத்தகங்கள் வாசிப்பதில் பயன் உண்டா என்று எழுதித் தரும்படி செயலாளர் பிரசாந்தன் கேட்டார். ஊரில் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்ற என்னிடம் ஏன் வருகிறீர் என்றேன்.

"படிச்ச ஆக்கள் எல்லாரும் வாசிப்பு நல்லது எண்டுதானே எழுதுவினம், ஐயா. நீங்கள் எண்டால் உள்ளதை எழுதுவியள்" என்றார்.

அவர் சொன்ன அந்த ஒரு கதைக்காகத்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழையை அவர் திருத்தலாம், மற்றதில் கை வைக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன்.

முதலில் ஆண்டியப்பனாகிய நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு சாக்குப் பையுடன் வன்னிக்கு வந்தவன். அக்கராயன் பக்கம் அடுத்தவர் வயலில் வரம்பு வெட்டினேன். பரந்தன் சந்தியில் மூட்டை தூக்கினேன். போர் இரண்டு தரம் என் வீட்டைத் தரையோடு இருத்தியது, இரண்டு தரமும் கட்டினேன். இன்றைக்கு எனக்கு உறுதிப் பத்திரத்தோடு சொந்தக் காணி இருக்கிறது. இரண்டு உழவு மிசின் ஓடுகிறது. விவசாயிகளுடைய கமக்காரர் அமைப்பின் நிர்வாகத்தில் இருக்கிறேன். எங்கள் மலையகச் சனத்திலிருந்து அங்கே போன முதல் ஆள் நான்தான். தோட்டத்துப் பேச்சும் வரும், வன்னிப் பேச்சும் வரும், யாரிடம் எதைப் பேச வேண்டும் என்பதும் தெரியும். இவ்வளவுக்கும் ஒரு புத்தகத்தையாவது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தவன் இல்லை. இதை நான் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை.

வாசித்தவன் சுடலைமுத்து. என் தங்கை மீனம்மாவின் புருசன். அவனுடைய கதையைத்தான் எழுதப் போகிறேன். உயிரோடுதான் இருக்கிறான். எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க மச்சான், ஆனா நான் சொன்னத சொன்ன மாதிரியே எழுதுங்க" என்றான். சரி என்றேன். எங்கள் குளத்தின் பெயரை மட்டும் எழுதவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் நான் போக வேண்டியிருக்கிறது.

சுடலைமுத்து என்னைவிட இரண்டு வகுப்புக் கூடப் படித்தவன். என்னைப் போலத்தான் மலையிலிருந்து வந்தான், என்னோடுதான் வரம்பு வெட்டினான். மாலையில் நான் அடுத்த நாள் வேலை தேடிப் போவேன், அவன் படிப்பகத்துக்குப் போவான். எந்தக் கட்சிக்காரன் போட்ட புத்தகம் என்று பார்க்க மாட்டான். காணி யாருடையது, கூலியை யார் தீர்மானிக்கிறார்கள், அரசாங்கம் ஏன் கடன் வாங்குகிறது, இப்படியான புத்தகமென்றால் அட்டை போனாலும் எடுப்பான். கதைப் புத்தகம் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவான்.

மீனம்மாவை அவனுக்குக் கட்டி வைத்தது நான்தான். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான் என்று பார்த்துக் கொடுத்தேன். வாசிப்பான் என்பதை ஒரு குறையாக அப்போது நான் எண்ணவில்லை.

அவர்கள் இருப்பது குளத்துக்கு மிகக் கீழே, காட்டு ஓரத்தில். எங்கள் சனத்தில் ஒரு சில குடும்பங்கள் அங்கே காடு வெட்டிக் குடியேறின. அனுமதிப்பத்திரம் இல்லை, இன்றுவரை இல்லை. மாரி மழைக்கு நெல் விதைப்பார்கள். வெயில் காலத்தில் கச்சான், அதாவது நிலக்கடலை, போடுவார்கள். வருடத்தில் கையில் காசு காண்பது அந்தக் கச்சானில்தான். கச்சானுக்கு எதிரி மயில். அதனால் பகல் முழுதும் யாராவது கொட்டிலில் காவல் இருக்க வேண்டும். சுடலைமுத்துவுக்கு அது வாய்ப்பாகப் போயிற்று. ஒரு நாள் நான் அந்தப் பக்கம் போனால், மயில்கள் கூட்டமாக நின்று கச்சானைக் கிளறுகின்றன. இவன் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்தபடி இருக்கிறான்.

"டேய் மச்சான், மயில் திங்குதுடா!"

எழும்பி டின்னைத் தட்டினான். மயில்கள் அவசரமில்லாமல் போயின.

"இந்தக் கச்சானுக்கு என்ன விலைன்னு யாரு தீர்மானிக்கிறாங்க, அதத்தான் வாசிச்சுக்கிட்டு இருந்தேன், மச்சான்."

"மயில் தின்ன கச்சானுக்கு ஒருத்தனும் விலை குடுக்க மாட்டான். அத எழுதியிருக்காங்களா?"

பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான். "இல்ல மச்சான். அது விட்டுப்போச்சு."

சண்டைக்குப் பிறகு செட்டிகுளத்து முகாமில் இருந்தபோதும் அவனிடம் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த சனத்துக்குள் இவன் அதை அரிசிப் பையின் அடியில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். மழை பெய்தது. விறகு ஈரம். மீனம்மா பக்கங்களைக் கிழித்து அடுப்பு மூட்டினாள். வரிசையில் நின்று தண்ணீர் எடுத்து வந்தவன் பார்த்தான். கூடாரத்துக்குள் நான் இருந்தேன். இன்றைக்கு ஒரு அறை விழப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

"எந்தப் பக்கத்த கிழிச்ச?"

"எனக்கு என்னங்க தெரியும். முதல்ல இருந்து கிழிச்சேன்."

"அப்ப முடிவு இருக்கு" என்றான். பெரிய நிம்மதியோடு சொன்னான்.

அப்போது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சிரிக்க வேறு ஒன்றும் இல்லாத காலம்.

அவன் வாசித்ததெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நான்தான் பொய்யன். உரம் இனி வராது என்று அரசாங்கம் சொன்னதே, அந்த வருடத்துக்கு நெடுங்காலம் முன்பே இவன் என் விறாந்தையில் இருந்து சொன்னான்: "நாடு கடன்ல ஓடுது, மச்சான். வெளிநாட்டுக் காசு முடியப் போகுது. முடிஞ்சா உரம் போகும், எண்ணெய் போகும், மருந்து போகும்." நான் சிரித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். பிறகு பரந்தன் சந்தியில் கடை வைத்திருக்கும் அன்ஸார் ஒரு நாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "அண்ணை, உரம் கொஞ்சம் எடுத்து வையுங்கோ. கொழும்பிலை கதை சரியில்லை" என்றார். கொழும்பில் என்ன கதை என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கே உழவு மிசினைப் பெட்டியோடு கொண்டுபோய் ஏற்றினேன். ஊரில் எல்லோருடைய வயலும் மஞ்சளாகக் கிடந்தபோது என் வயல் கரும்பச்சையாக நின்றது. பார்க்க ஆட்கள் வந்தார்கள்.

சுடலைமுத்துவிடம் ஒரு மூட்டையும் இல்லை. "எல்லாம் தெரிஞ்சவன், ஏண்டா வாங்கி வைக்கல?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சு வைக்கக் காசு வேணாம் மச்சான். வாங்கி வைக்க வேணுமே" என்றான்.

என்னிடமிருந்து ஒரு மூட்டை கொடுத்தேன். கொடுத்ததைச் சொல்லாமல் விடுகிற ஆள் நான் இல்லை. பிறகு மண்ணெண்ணெய் வரிசை வந்தது. எல்லோரும் வெயிலில் வெறும் பிளாஸ்டிக் கானை வைத்துக்கொண்டு அரசாங்கத்தைத் திட்ட, இவன் அந்த வரிசை ஏன் வந்தது என்று முன்னுக்கும் பின்னுக்கும் நின்றவர்களுக்கு வகுப்பு எடுத்தான். நன்றாக விளங்கப்படுத்தினான் என்று கேட்டவர்கள் சொன்னார்கள். மண்ணெண்ணெய் இவன் முறை வருமுன் முடிந்துவிட்டது.

இனித்தான் நான் சொல்ல வந்த விசயம்.

வெளியார் வாசித்தால் விளங்க வேண்டும் என்பதற்காக எங்கள் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். வெயில் காலத்து விதைப்பான சிறுபோகத்துக்குக் குளத்தில் எல்லா வயலுக்கும் தண்ணீர் காணாது. கூட்டம் வைத்து இவ்வளவு ஏக்கர்தான் என்று தீர்மானிப்பார்கள். அந்தப் பங்கு காணிக்காரருக்கு மட்டும். காணிக்காரரில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். பங்கைக் குத்தகைக்கு விடுவார்கள். வயலில் பாய்ந்து மிஞ்சும் தண்ணீர் கழிவு வாய்க்காலில் விழுந்து காட்டு ஓரமாகப் போய்க் கடைசியில் கடலில் சேரும். போகும் வழியில் எங்கள் சனம் மிசின் வைத்து இறைத்துக் கச்சானுக்கு விடும். அதற்கு உரிமையும் இல்லை, தடையும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. குளம் திறக்க முன் பெரிய வாய்க்காலைத் துப்பரவாக்க வேண்டும். புல்லைச் செருக்கி, மண்ணை அள்ளி வரம்பில் போட வேண்டும். சட்டப்படி ஒவ்வொரு காணிக்காரனும் தன் துண்டைத் தானே வெட்ட வேண்டும். கனடாவில் இருக்கிறவன் எப்படி வெட்டுவான்? பங்குனி வெயிலில் எங்கள் சனம் மண்வெட்டியோடு போய் அந்தத் துண்டுகளையும் வெட்டிவிட்டு வரும். யாரும் கூப்பிட்டதில்லை. யாரும் கூலி கேட்டதில்லை. பிறகு கழிவு வாய்க்காலில் மிசின் வைக்கும்போது யாரும் ஏன் என்று கேட்டதும் இல்லை. நான் வந்த காலம் தொட்டு இப்படித்தான். இரண்டு பக்கமும் வாயைத் திறக்காததால் நடந்துகொண்டிருந்த காரியம் இது.

சுடலைமுத்து வாயைத் திறந்தான்.

வரிசைகள் ஓய்ந்த அடுத்த வருடம், சிறுபோகக் கூட்டத்துக்கு முன், ஒரு மனு எழுதிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். விறாந்தையில் இருந்து வாசித்துக் காட்டினான். எங்கள் சனம் காணிக்காரருடைய வேலையைக் கூலியில்லாமல் செய்கிறது. அந்த வேலையை வெளியாட்களைக் கொண்டு செய்தால் இவ்வளவு செலவாகும். அந்த உழைப்புக்கு ஈடாகக் கழிவுத் தண்ணீரை எங்கள் உரிமை என்று கூட்டத்தில் பதிய வேண்டும். ஒரு சொல் கூடக் குறையாமல் எழுதியிருந்தான். வெட்டிய மண்ணுக்குக் கணக்கு, ஆளுக்குக் கணக்கு, எல்லாம் இருந்தது. கேட்கக் கேட்க எனக்கே, இவ்வளவு வேலையா சும்மா செய்தோம் என்று இருந்தது.

"எல்லாம் சரி மச்சான். ஆனா குடுக்காத" என்றேன்.

"சரின்னா ஏன் குடுக்கக் கூடாது?"

"கேட்டா பதில் சொல்லுவாங்க."

"பதில் வேணும்னுதானே கேக்குறோம்."

"பதில் இல்லாததாலதாண்டா தண்ணி வருது!"

அவன் என்னைப் பாவம் பார்ப்பது போலப் பார்த்தான். "மச்சான், எங்க ஆளுங்களுக்கு எப்பவும் இதுதான் வியாதி. கண்டும் காணாம விடுறத பெரிய தயவுன்னு நினைக்கிறோம். அவங்க கண்ண மூடிக்கிறது நமக்காக இல்ல, கூலிக்காக."

அவன் ஐந்தாம் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு. மறு நாளே எல்லாக் குடும்பத்திடமும் கையெழுத்து வாங்கினான்.

கூட்டத்துக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர். மனுவை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆர் இதை எழுதினது?"

சுடலைமுத்து எழும்பினான்.

"நல்லா எழுதியிருக்கிறியள். ஆனால் எழுத்திலை தந்திட்டியளே. எழுத்திலை தந்தால் நான் எழுத்திலைதானே பதில் தரவேணும்? அனுமதி இல்லாத காணிக்குத் தண்ணி குடுக்கச் சட்டத்திலை இடமில்லை. கழிவு வாய்க்காலிலை மிசின் வைக்கவும் ஏலாது. இது எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் எனக்கும் நல்லம், உங்களுக்கும் நல்லம்."

அமைப்பின் தலைவர் நடராசா அண்ணை தலையாட்டிவிட்டு அடுத்த கடதாசியை எடுத்தார். அவருக்குப் பேச வேண்டிய தேவை இருக்கவில்லை. முன்பு நான் அவரை ஐயா என்றேன். காணி வாங்கிய பிறகு அண்ணை என்கிறேன். அவர் என்னை அன்றும் ஆண்டி என்றார், இன்றும் ஆண்டி என்கிறார்.

அந்த வருடம் மிசின் வைக்கவில்லை. கச்சான் பூத்தது. பூத்த பிறகு அதிலிருந்து ஒரு காம்பு ஊசி போல இறங்கி மண்ணுக்குள் போனால்தான் காய் பிடிக்கும். மண் இளகியிருக்க வேண்டும். அந்த வருடம் மண் சீமெந்து போலக் கிடந்தது. இறங்கிய ஊசிகள் மண்ணைத் தொட்டுக் கருகின. பிடுங்கிப் பார்த்தால் பத்துக் காயில் எட்டுப் பொக்கு. கழிவுத் தண்ணீர் பக்கத்தாலே சலசலவென்று கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு அந்தக் குடியிருப்பில் சுடலைமுத்துவுக்குப் பெயர் பேராசிரியர். குழாய்க் கிணற்றடியில் சுப்பம்மா அக்கா எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள்:

"பேராசிரியரே, உங்க புத்தகத்தப் பிழிஞ்சா ரெண்டு வாளித் தண்ணி வருமா? கேட்டுச் சொல்லுங்க, நான் குடம் கொண்டாறேன்."

இவன் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சுப்பம்மா அக்காவின் பேத்தி அந்த மாதம்தான் தையல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். விடியப் புறத்தால் பஸ் வந்து ஏற்றும். இன்னும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் போயின.

மீனம்மா என்னிடம் வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், வாசலில் நின்ற கோழியைப் பார்த்துக்கொண்டு கதைத்தாள். "அண்ணே, அவர ஒண்ணும் சொல்லாதீங்க. அவரு பிழையா ஒண்ணும் எழுதல. தண்ணிய மட்டும் எப்படியாச்சும் வாங்கிக் குடுங்க. இன்னொரு வருசம் தாங்க மாட்டோம்."

இப்படியான வேலைக்கு இந்த ஊரில் ஆண்டியப்பனை விட்டால் ஆள் இல்லை. நான் நடராசா அண்ணை வீட்டுக்குப் போனேன். பலாப்பழம் ஒன்று கொண்டுபோனேன். மழையைப் பற்றிக் கதைத்தோம், அவருடைய மூட்டு வலியைப் பற்றிக் கதைத்தோம். மெல்ல விசயத்துக்கு வந்தேன்.

"அண்ணை, அதுகள் பாவங்கள். ஒரு விசரன்ரை கதையைக் கேட்டுக் கையெழுத்து வைச்சிட்டுதுகள். அதிகாரி உங்கட சொல்லுக்கு மாறமாட்டார். பழைய மாதிரி விட்டு விடுங்கோவன்."

அப்போது உள்ளிருந்து அவருடைய மகன் ஜனார்த்தனன் வந்தார். பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தவர், கொழும்பில் வேலை, லீவில் வந்திருந்தார். கையில் அந்த மனுவின் பிரதி.

"இதை எழுதினவர் என்ன படிச்சவர்?"

"அஞ்சாம் வகுப்பு, தம்பி."

"சும்மா சொல்லாதையுங்கோ! அப்பா, இந்தக் கணக்குப் பிழையில்லை. நான் கூட்டிப் பார்த்தனான். நாங்கள் இந்த வாய்க்காலைக் கூலிக்கு விட்டால் எங்களுக்குக் கட்டாது."

நடராசா அண்ணை நிமிர்ந்து இருந்தார். "அப்ப இவ்வளவு காலமும் அதுகள் சும்மாவோ செய்து தந்ததுகள்?"

"ஓம் அப்பா. அதைத்தானே இதிலை எழுதியிருக்கு."

"பெறுமதி இவ்வளவோ?"

"இதைவிடக் கூடவும் வரும்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதருக்கு அதுவரை தெரியாது. எங்கள் சனம் வெட்டுவதைக் கணக்கில் எடுக்காமல், வாய்க்கால் தானாகத் துப்பரவாகிறது என்றுதான் அவர் நினைத்திருந்தார். மகன் உள்ளே போன பிறகு பலாப்பழத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்தார். பிறகு சொன்னார்:

"ஆண்டி, தண்ணி விடலாம். நான் அதிகாரியோடை கதைக்கிறன். ஆனால் உம்மடை மச்சான் கூட்டத்திலை எழும்பி, கேட்டது பிழை எண்டு சொல்லவேணும். அதோடை இனி இது ஒழுங்காய் நடக்கட்டும். பெரிய வாய்க்காலோடை கிளை வாய்க்காலும், துருசடியும், இரண்டு பக்க வரம்பும் அவையள்தான் வெட்டவேணும். வெட்டாத குடும்பத்துக்கு மிசின் வைக்க விடமாட்டம்."

நான் விட்டுக்கொடுத்தேனா? இருட்டும்வரை பேசினேன். மதகு இருக்கும் துருசடியையும் வரம்பையும் கழற்றினேன். கிளை வாய்க்காலைக் கழற்ற முடியவில்லை. வேறு யாராவது போயிருந்தால் நாலையும் தலையில் கட்டியிருப்பார்கள்.

சுடலைமுத்துவிடம் போய்ச் சொன்னேன். கத்துவான், புத்தகத்திலிருந்து ஏதாவது எடுத்து என் முகத்தில் எறிவான் என்று ஆயத்தமாகத்தான் போனேன். முழுவதும் கேட்டான். பிறகு கேட்டான்:

"கணக்கு பிழையில்லைன்னாரா?"

"யாரு?"

"அந்தத் தம்பி. பொருளியல் படிச்சவரு."

"ஆமா. இதவிடக் கூடவும் வரும்னாரு."

"கூட்டிப் பாத்தாரா, சும்மா சொன்னாரா?"

"கூட்டிப் பாத்தேன்னுதான் சொன்னாரு."

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம் வந்தது. மீனம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள். வாழ்க்கை முழுதும் வாசித்த மனிதனைப் படித்த ஒருவன் சரி என்று சொன்னது அந்த ஒரு தரம்தான். அதுவும் அவனுக்கு முன்னால் சொல்லவில்லை.

அடுத்த சிறுபோகக் கூட்டத்தில் எழும்பி நின்றான். கையில் கடதாசி இல்லை. "நாங்க கேட்டது பிழை" என்றான். வேறு ஏதாவது சேர்ப்பான் என்று எல்லோரும் பார்த்தோம். சேர்க்கவில்லை, இருந்துவிட்டான். அதிகாரி அடுத்த விடயத்துக்குப் போனார். எங்கள் சனம் மூச்சு விட்டது. பின்னால் யாரோ, "இதை முந்தியே சொல்லியிருக்கலாம் பேராசிரியர்" என்றார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

இனி, மலர்க்காரர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வாசிப்பதில் பயன் உண்டா? உண்டு. நடராசா அண்ணையின் மகனுக்கு உண்டு. அவர் வாசித்தார், பட்டம் பெற்றார், ஒரு பின்னேரம் ஒரு மனுவை வாசித்துத் தகப்பனுக்கு ஒரு கிளை வாய்க்கால் சம்பாதித்துக் கொடுத்தார். சுடலைமுத்துவும் அதே சங்கதியைத்தான் வாசித்தான். அவனுக்கும் விளங்கியது, இவருக்கும் விளங்கியது. காணி இருக்கிறவனுக்கு விளங்கினால் அது காசு. காணி இல்லாதவனுக்கு விளங்கினால் அது வயிற்றெரிச்சல். புத்தகம் எழுதுகிறவர்கள் இதை முதல் பக்கத்தில் போட வேண்டும். அது விட்டுப்போயிருக்கிறது. நான் வாசிக்காமல் முன்னுக்கு வந்தவன். ஆனால் வாசிக்காததால் வந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். யாரிடம் எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரிந்ததால் வந்தேன். அதைப் பெருமையாகத்தான் இவ்வளவு காலமும் சொல்லிவந்தேன். இப்போதும் சொல்கிறேன், ஆனால் வாய் கசக்கிறது.

இந்தப் பங்குனியில் துப்பரவு நடந்தது. அமைப்பின் சார்பில் வேலையைப் பார்வையிட நான் கையில் ஒரு தடியோடு போனேன். பெரிய வாய்க்கால் முடிந்து, எங்கள் சனம் கிளை வாய்க்காலுக்குள் இறங்கியிருந்தது. அந்த வாய்க்காலில் நாணல் ஆளுயரத்துக்கு நின்றது. வெயில் முதுகைச் சுட்டது. நடுவில் சுப்பம்மா அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"தம்பி சுடலமுத்து, ஒன்னு கேக்கட்டா?"

இன்னொரு பகிடி வருகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பேராசிரியர் என்று அவள் சொல்லவில்லை.

"போன வருசம் எங்கிட்டக் கையெழுத்து வாங்குனீங்களே, அந்தக் கடுதாசி. அதுல என்ன எழுதியிருந்தீங்க? அப்ப நான் சரியாக் கேக்கல."

சுடலைமுத்து நிமிராமலே சொன்னான். புத்தகச் சொல் ஒன்றும் போடவில்லை. இது யாருடைய வாய்க்கால், இதை வெட்ட வேண்டியவன் எங்கே இருக்கிறான், அவன் கூலிக்கு ஆள் பிடித்தால் என்ன கொடுக்க வேண்டும், அந்தக் காசு இப்போது யாருடைய பையில் நிற்கிறது, கடலுக்குப் போகிற தண்ணீரைக் காட்டி எங்களிடம் எப்படி வேலை வாங்குகிறார்கள், எல்லாம் சொன்னான். நாணலை வெட்டி வெட்டிச் சொன்னான். பக்கத்தில் வெட்டியவர்கள் கிட்ட வந்தார்கள். பெண்கள் வந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் குறுக்கே பேசவில்லை. இவ்வளவு காலத்தில் அவன் கதையை எங்கள் சனம் வாயை மூடிக் கேட்டது அன்றைக்குத்தான்.

"அப்ப இதுவும் சும்மா செய்யிறதுதானா? இந்தக் கிளை வாய்க்காலும்?" என்று சுப்பம்மா அக்கா கேட்டாள்.

"ஆமாக்கா."

"நம்ம எழுதிக் குடுத்ததப் பாத்துத்தான் இதையும் சேத்தாங்களா?"

"ஆமாக்கா."

அவள் கொஞ்ச நேரம் வாய்க்காலின் நீளத்தைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். எல்லோருக்கும் விளங்கிவிட்டது, முகத்தில் தெரிந்தது. பிறகு சுப்பம்மா அக்கா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு மண்வெட்டியைத் தூக்கினாள். மறு நாள் காலையில் குளம் திறக்க இருந்தது. ஒவ்வொருவராகத் தங்கள் இடத்துக்குப் போனார்கள், மண் மறுபடி வரம்பில் விழத் தொடங்கியது.

நானும் வரம்பில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். எனக்கும் விளங்கியது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, வேலை இன்னும் பாதி கிடந்தது. என் தடியை நீட்டி அவர்களுக்கு அடுத்த துண்டைக் காட்டினேன்.